மிஸ்ஸிங் அடிக்கும் காரை யாரிடம் கொண்டுபோவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் ஒரு கார் உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்று எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்ததும் வருகிறவர்களில் ஒருவராவது, "அண்ணா, வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, ஒரு காயில் கொடுங்கள்" என்பார். மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு வேலை செய்யாமல் என்ஜின் குலுங்குவது. காயில் என்றால் பெட்ரோலைக் கொளுத்தும் ப்ளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம். காயில்தான் போயிற்று என்று யார் சொன்னது என்று கேட்டால், மைத்துனர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்த்துச் சொன்னான் என்று பதில் வரும். காயிலை எடுத்துக் கொடுப்பது எனக்கு எளிது. ஆனால் பிரித்து மாட்டிய மின்பொருளை எங்கள் கடை திரும்ப வாங்குவதில்லை, ஊரில் பெரும்பாலான கடைகளிலும் இதுதான் விதி. ஊகம் தப்பினால் அந்தப் பணம் போனதுதான்.

அடுத்து எல்லாரும் கேட்பது ஒன்றே. ஏஜெண்டிடம், அதாவது கார் கம்பெனியின் அதிகாரபூர்வ நிலையத்துக்குப் போவதா, ஒர்க்ஷாப்புக்குப் போவதா, தெருவில் வீட்டு முற்றத்தில் வேலை செய்கிற அண்ணனிடம் விடுவதா, நானே பார்த்துக்கொள்ளலாமா? இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் டொங்காட்டில் இருக்கும் என் தாய்மாமா. அவருக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

விளக்கு மினுக்கினால் இந்தக் கட்டுரை பிறகு

டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. அதே விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் நேரம் இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டரிலிருந்து அப்படியே வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யப் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்பதற்கு அது அடையாளம். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகிவிடும். ஒரு காயிலில் முடிந்திருக்க வேண்டிய செலவு, கன்வெர்டரோடு சேர்ந்து பல மடங்காகும்.

மினுக்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். முதலில் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தை அழையுங்கள். பல பாலிசிகளில் இழுவை வண்டிச் செலவும் அடங்கியிருக்கிறது, ஆனால் அவர்கள் அனுப்பும் வண்டியாக இருக்க வேண்டும். அழைக்காமலே முதலில் வந்து நிற்கிற இழுவை வண்டியில் ஏற்றிவிட்டால், அவர்களுடைய வளாகத்தில் கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கேட்பார்கள்.

எதை வைத்து முடிவு செய்வது

விலையை மட்டும் ஒப்பிட்டால் தெரு மெக்கானிக்தான் எப்போதும் வெல்வார். நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவதும் பெரியதும் இது: எந்தப் பாகம் செத்தது என்பதோடு, அது ஏன் செத்தது என்பதையும் இவரால் சொல்ல முடியுமா? இரண்டாவது, வண்டி சரியாகிற வரைக்கும் ஆகும் மொத்தச் செலவு என்ன? திரும்பத் திரும்பப் போகிற நாட்கள், பஸ் கட்டணம், தவறாக வாங்கிய பாகங்கள், 15 விழுக்காடு வாட் வரி எல்லாம் இதில் சேரும். மூன்றாவது, வேலை சொதப்பினால் கையில் காகிதம் இருக்குமா? நான்காவது, காருக்கு உத்தரவாதமோ, சர்வீஸ் அல்லது மெயின்டனன்ஸ் பிளானோ இன்னும் மிச்சம் இருக்கிறதா? நான்காவதற்கு "ஆம்" என்பது பதிலானால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டியதே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வியை நான் ஏன் இவ்வளவு பெரிதாக வைக்கிறேன் என்பதற்கு என் காரே சாட்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று, பீட்டர்மரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் கார் குலுங்க ஆரம்பித்தது. சமதளத்தில் பட்டுப்போல ஓடுகிறது, ஏற்றத்தில் மிதித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோலத் துடிக்கிறது. மெதுவாக ஓட்டி வீடு திரும்பினேன். காரின் கணினி சேமித்த குற்ற எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0302 என்று வந்தது, அதாவது இரண்டாம் சிலிண்டர். அதன் காயிலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கார் சரியாகிவிட்டது. இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே குலுக்கல், அதே எண்.

இந்த முறை காயிலோடு ப்ளக்கையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ப்ளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல், பென்சிலால் கோடு கிழித்ததுபோல மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. காயிலின் ரப்பர் உறைக்குள்ளே அதற்கு நேர் எதிரில் அதே மாதிரி ஒரு கோடு. மின்பொறி ப்ளக்கின் நுனியில் தாவாமல், இந்தக் கோட்டின் வழியாகப் பக்கவாட்டில் ஓடித் தரையிறங்கிக்கொண்டிருந்தது. பழைய ப்ளக்கில் விழுந்த தடம் புதிய காயிலின் ரப்பரையும் எரித்துத் தடம் போட்டுவிட்டது. ப்ளக் இருந்த குழிக்குள் விரலை விட்டால் எண்ணெய். என்ஜினின் மேல்மூடியில் ப்ளக் குழியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து, என்ஜின் ஆயில் கசிந்து காயிலின் ரப்பரை ஊறவைத்திருந்தது. இரண்டு காயில்கள் போன பிறகுதான் அந்த வளையம் என் கண்ணில் பட்டது.

மிஸ்ஸிங் என்பது உண்மையில் என்ன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் ஒப்பிட முடியாது. ஒரு சிலிண்டர் வேலை செய்ய மூன்று வேண்டும்: பொறி, அளவான காற்றும் பெட்ரோலும், அழுத்தம். ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் தன் முறை வரும்போது உந்தாது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அந்த ஒரு நொடித்துளி தளர்வதைச் சென்சார் கவனித்துக் கணினிக்குச் சொல்கிறது. பி0301 முதல் பி0304 வரை உள்ள எண்களின் கடைசி இலக்கம் சிலிண்டரைக் காட்டும். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் இல்லாமல் மாறி மாறி விடுகிறது என்று பொருள். கவனியுங்கள், எந்த எண்ணும் "காயில் போயிற்று" என்று சொல்வதில்லை. எந்த அறையில் விளக்கு எரியவில்லை என்று சொல்கிறது. பல்பா, ஸ்விட்சா, ஒயரா என்பது நாம் பார்க்க வேண்டியது.

எப்போது மிஸ்ஸாகிறது என்பது பாதி விடை. ஏற்றத்திலும் முழு மிதியிலும் மட்டும் என்றால் பொறியின் பக்கம் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிவிட்டால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது, பெரும்பாலும் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் விட்டுவிட்டு ஓடி, ரேடியேட்டர் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள், "அங்கே நன்றாக ஓடியது, டர்பனுக்கு வந்ததும்தான் மிஸ்ஸிங்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது கற்பனை இல்லை. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெலிந்தது. கடலோரத்தில் டர்போ இல்லாத என்ஜின் அதிகக் காற்றை இழுக்கிறது, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட ப்ளக் நுனியில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவை. மேலே சமாளித்துக்கொண்டிருந்த பலவீனமான காயில் கீழே வந்ததும் தோற்றுவிடுகிறது. இதற்கு உப்புக் காற்றும் துணை. கனெக்டரின் ஊசிகளில் பச்சையாகப் பூத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒன்று: நீங்களே பார்ப்பது

நான்கு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயில் உள்ள காராக இருந்து, மேலே அவை கைக்கு எட்டினால், முதல் சோதனையை நீங்களே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். போனோடு இணையும் சிறிய ஸ்கேனர் ஒன்றும், பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றும் போதும்.

என்ஜின் ஆறட்டும். சாவியை எடுத்துவிடுங்கள். எண் பி0302 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய கார்களில் அந்தப் பிளாஸ்டிக் கொக்கி காய்ந்து பிஸ்கட்போல உடையும், நகத்தால் மெல்ல நெம்புங்கள். போல்ட்டை எடுத்து, காயிலை இப்படியும் அப்படியும் கொஞ்சம் திருகி மேலே இழுங்கள். அதை நான்காம் இடத்தில் போட்டு, நான்காவதை இரண்டில் போடுங்கள். எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, எந்த ஏற்றத்தில் குலுங்கியதோ அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். இப்போது பி0304 வந்தால் குற்றம் காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான் போயிருக்கிறது. பி0302 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து ப்ளக்குகளை அதேபோல இடம் மாற்றுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அந்தச் சிலிண்டருக்கான ஒயர், இல்லாவிட்டால் அழுத்தம். வீட்டுச் சோதனை இங்கே நிற்கட்டும்.

ப்ளக்கைக் கழற்றியதும் படியுங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை, அல்லது இன்ஜெக்டர் மூடாமல் ஒழுகுகிறது. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க இது மட்டும் நீராவியில் கழுவியதுபோல் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. குழியில் எண்ணெய் இருந்தால் என் கதைதான். திரும்பப் பூட்டும்போது முதல் சில சுற்றுகளை வெறும் விரலால் திருகுங்கள். ஹெட் அலுமினியம், மரை ஒருமுறை தப்பினால் அந்தச் செலவு காயிலைப்போலப் பல மடங்கு.

ஓடுகிற என்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பொறி பார்க்கிற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் பல பத்தாயிரம் வோல்ட் இருக்கிறது. எரியாத பெட்ரோலும் நேராகக் கன்வெர்டருக்குப் போகிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே பாகங்களில்தான். சோதனையை நடுவில் நிறுத்திவிட்டு, "நான்கையும் மாற்றிவிடுவோமே" என்று கடைக்கு வருகிறவர்கள் அதிகம். ப்ளக் விஷயத்தில் அது சரி, நான்கும் ஒன்றாகத் தேய்கிறவை. சாதாரண நிக்கல் ப்ளக் சுமார் 30,000 கிலோமீட்டருக்கும், இரிடியம் ப்ளக் பல கார்களில் 1,00,000 கிலோமீட்டருக்கும் வருகிறது. காயில் அப்படியில்லை. மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். இன்ஜெக்டர் கழுவும் பாட்டிலையும் 93-க்குப் பதிலாக 95 பெட்ரோல் போடுவதையும் பற்றிக் கேட்பார்கள். செத்த காயிலை இரண்டும் எழுப்பாது.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற என்ஜின்களில், காயிலையும் ப்ளக்கையும் தாண்டி எரிபொருள் குழாய்களில் கை வைக்காதீர்கள். அவற்றின் அழுத்தம் ஆபத்தானது.

இரண்டு: தெருவில் வேலை செய்யும் அண்ணன்

இவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டு முற்றத்தில் வேலை செய்கிறவர்களில் முப்பது ஆண்டு ஒர்க்ஷாப் அனுபவத்தோடு ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். காதை வைத்தே எந்தச் சிலிண்டர் என்று சொல்கிறவரை எனக்குத் தெரியும். கூலி குறைவு. சனிக்கிழமையும் பார்ப்பார். பணத்தை மாதக் கடைசியில் கொடுத்தாலும் கோபிக்க மாட்டார்.

காது சொல்வது எந்தச் சிலிண்டர் என்பதை. ஏன் என்று காட்டக் கருவி வேண்டும்: கம்ப்ரெஷன் மீட்டர், கசிவுச் சோதனைக் கருவி, இன்ஜெக்டரின் மின்துடிப்பைப் பார்க்கும் ஸ்கோப், ஓடும்போது எண்களைப் படிக்கும் நல்ல ஸ்கேனர். பலரிடம் முதலாவது இருக்கும், மற்றவை அரிது. கருவி இல்லாதபோது சோதனையின் இடத்தைப் பாகம் பிடித்துக்கொள்கிறது. முதல் வாரம் ப்ளக், அடுத்த வாரம் காயில், அதற்கடுத்து இன்ஜெக்டர் என்று ஒரே காருக்கு மூன்று முறை பாகம் வாங்க வந்தவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். கூலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கே போய்விடுகிறது.

காகிதம் இருக்காது என்பது இன்னொன்று. முற்றத்தில் நிற்கும் கார் இரவில் களவு போனால் யார் பொறுப்பு என்பதையும் விடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் காப்பீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

எப்போது இவரிடம் போகலாம் என்றால், கார் பழையது, கணினி எளிது, குற்றம் எது என்று உங்களுக்கோ வேறொருவருக்கோ ஏற்கெனவே தெரிந்துவிட்டது, மாட்டும் கை மட்டும்தான் வேண்டும் என்கிறபோது. அந்த வேலைக்கு இவரைவிட நல்லவர் இல்லை. என் மேல்மூடி ரப்பரை மாற்றியது அப்படியொரு அண்ணன்தான். ஒரு மாலையில் முடித்தார், இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை.

மூன்று: பதிவு பெற்ற தனியார் ஒர்க்ஷாப்

உத்தரவாதம் முடிந்த காருக்கும், வீட்டுச் சோதனையில் பிடிபடாத குற்றத்துக்கும் என் தேர்வு இதுதான். ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதல் நாளில் சோதனைக்கு மட்டும் பணம் கொடுங்கள், பழுதுபார்க்க அல்ல.

"டயக்னோசிஸ் மட்டும் செய்யுங்கள், முடிவைத் தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். என் தம்பியின் காருக்குச் சென்ற ஆண்டு இப்படிக் கேட்டு 550 ராண்ட் கொடுத்தோம். கிடைத்த தாளில் நான்கு சிலிண்டரின் அழுத்தமும் எண்ணாக இருந்தது, வித்தியாசம் ஐந்து விழுக்காட்டுக்குள். ஐட்லிங்கில், அதாவது மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது, கணினி பெட்ரோலை 18 விழுக்காடு கூட்டிக்கொண்டிருந்தது, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் அது 4 விழுக்காடாக இறங்கியது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியே போதும். வேகத்தில் குறைகிற குற்றம் காற்றுக் கசிவு. புகை செலுத்திப் பார்த்ததில் என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு குழாயின் அடிப்புறம் பிளந்திருந்தது. அதற்கு முன் தம்பி ஒரு காயிலும் நான்கு ப்ளக்கும் என்னிடமே வாங்கிப் போட்டிருந்தான், நான் ஊரில் இல்லாத வாரத்தில்.

ஒர்க்ஷாப்பைத் தேடும்போது ஆர்.எம்.ஐ. என்ற மோட்டார் தொழில் அமைப்பின் உறுப்பினரா என்று பாருங்கள். அது திறமைக்குச் சான்று இல்லை, ஆனால் தகராறு வந்தால் முறையிட ஓர் இடம் இருக்கும். சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மதிப்பீட்டைக் கேட்டு வாங்கி நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல், உங்களைக் கேட்காமல் வசூலிக்க முடியாது. மாட்டிய புதிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் குறைந்தது மூன்று மாதப் பொறுப்பு உண்டு. கழற்றிய பழைய பாகங்களை, வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலொழிய, உங்களிடம் திருப்பித் தர வேண்டும்.

அந்தக் கடைசி உரிமையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பழைய காயிலையும் ப்ளக்கையும் கேட்டு வாங்கி, கறுப்புக் கோடு இருக்கிறதா, எண்ணெய் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏன் செத்தது என்ற கேள்விக்கு விடை அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள்: சொல்லும் விலை வாட் வரி நீங்கலாகவா சேர்த்தா, டயக்னோசிஸ் கட்டணத்தை வேலைக் கூலியில் கழிப்பார்களா, போடப்போகும் காயில் ஒரிஜினலா மாற்றுத் தயாரிப்பா. மாற்றுத் தயாரிப்புகளில் நல்லவையும் உண்டு. ஆனால் மிக மலிந்த காயில்கள் சில மாதங்களில் திரும்பி வருவதை நான் அறிவேன், விற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எது என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

நான்கு: ஏஜெண்ட்

காருக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இருந்தால் மறுபேச்சு இல்லாமல் இங்கே போங்கள். காயிலோ இன்ஜெக்டரோ தானாகப் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள், அதை வேறெங்கும் பெற முடியாது. பிளான் இருந்தால் அது எந்தப் பிளான் என்று புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சர்வீஸ் பிளான் குறித்த கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ப்ளக், ஃபில்டர், ஆயில் போன்றவற்றை மட்டும் ஏற்கும். மெயின்டனன்ஸ் பிளான்தான் தேய்ந்து பழுதாகிறவற்றையும் ஏற்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வந்து ஏமாந்து நின்றவர்கள் நிறைய.

தனியாக வாங்கிய நீட்டிப்பு உத்தரவாதம் என்றால், யாரும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் அனுமதி எண்ணைப் பெறுங்கள். பிரித்த பிறகு கேட்டால் மறுத்துவிடுவார்கள்.

"வெளியே சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும்" என்ற பயம் இன்னும் நம்மவர்களிடம் இருக்கிறது. போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 1 ஜூலை 2021 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, உத்தரவாதக் காலத்திலும் தனியார் ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் செய்துகொள்ளலாம், அதனால் மட்டும் உத்தரவாதம் ரத்தாகாது. ஆனால் அந்த ஒர்க்ஷாப் செய்த வேலையே பழுதுக்குக் காரணம் என்றால் அந்தப் பழுதுக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. ஆகவே சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

உத்தரவாதம் முடிந்த காருக்கு ஏஜெண்ட் எப்போது தகுதி என்றால், கணினியின் மென்பொருளே காரணமாக இருக்கும்போது. சில கார்களுக்கு உற்பத்தியாளர் திருத்திய மென்பொருள் வெளியிட்டிருப்பார். அது அவர்களிடம்தான் எளிதாகக் கிடைக்கும். மற்றபடி பத்து வயதுக் காரை அங்கே கொண்டுபோனால் மணிக் கூலியும் உயர்வு, பாகங்களைத் தொகுப்பாக மாற்றுகிற பழக்கமும் உண்டு. ஒரு காயிலுக்குப் போய் நான்கு காயிலுக்கான மதிப்பீட்டோடு வந்தவர்கள் என் கவுண்டரில் நின்றிருக்கிறார்கள்.

| வழி | "ஏன்" என்று சொல்லுமா | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| நீங்களே | காயில், ப்ளக் வரை | திருப்ப முடியாத பாகம், தப்பிய மரை | தனிக் காயில் உள்ள, கை எட்டுகிற கார் |
| தெரு அண்ணன் | கருவியைப் பொறுத்தது | ஊகப் பாகங்கள், காகிதம் இல்லாமை | குற்றம் தெரிந்த பழைய கார் |
| தனியார் ஒர்க்ஷாப் | ஆம், எழுதிக் கேட்டால் | வாட் வரி, பாகத்தின் தரம் | உத்தரவாதம் முடிந்த கார் |
| ஏஜெண்ட் | ஆம் | மணிக் கூலி, தொகுப்பு மாற்றம் | உத்தரவாதம், பிளான், மென்பொருள் |

யாரிடம் போனாலும் ஒன்று செய்யாதீர்கள்: போவதற்கு முன் பாட்டரியைக் கழற்றி விளக்கை அணைக்காதீர்கள். குற்றம் நடந்த நொடியில் என்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகத்தில் ஓடியது, எவ்வளவு சுமை இழுத்தது என்பதைக் கணினி எண்ணோடு சேர்த்துச் சேமித்திருக்கும். பல கார்களில் பாட்டரி போனால் அதுவும் போய்விடும். வீட்டில் நீங்களே சோதித்து எண்ணை அழிப்பதாக இருந்தாலும், அதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

அழுத்தமே போயிருந்தால்

சோதனைத் தாளில் ஒரு சிலிண்டரின் அழுத்தம் மற்றவற்றைவிட மிகக் குறைந்திருந்தால் கேள்வி மாறிவிடுகிறது. யாரிடம் போவது என்பது போய், இந்தக் காருக்கு இனிச் செலவழிப்பதா என்பது வந்துவிடுகிறது.

முடிவெடுக்கும் முன் கசிவுச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, அது எங்கே வெளியேறுகிறது என்று கேட்பார்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, காற்று வடிகட்டியின் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட். இந்த மூன்றுக்கும் ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது, அப்போது முழு என்ஜினையும் பிரிக்க வேண்டும்.

அங்கேதான் ஜப்பானிலிருந்து வரும் பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் போடலாமே என்ற யோசனை வரும். ஓவர்ஹாலைவிட மலிவாகவும் விரைவாகவும் முடியும். உடம்பு துருப்பிடிக்காத காராக இருந்தால் நல்ல வழிதான். வாங்கும் இடத்திலேயே நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள். எழுத்தில் உத்தரவாதம் வாங்குங்கள். அந்த உத்தரவாதம் என்ஜினுக்கு மட்டுமா, ஏற்றி இறக்கும் கூலிக்கும் சேர்த்தா என்பதைக் கேளுங்கள். என்ஜின் எண் மாறுவதால் போலீஸ் அனுமதிச் சான்று பெற்று, வாகனப் பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் காரை விற்கிற நாளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

டொங்காட் மாமாவின் கார் பதினொரு வயது, உத்தரவாதம் இல்லை, எண் பி0303. காயில்களை இடம் மாற்றச் சொன்னேன். மறுநாள் மாலை அழைத்தார். "மாற்றிப் பார்த்தேன் மாப்பிள்ளை, எண் நகரவில்லை. ப்ளக்கையும் மாற்றினேன், அப்போதும் மூன்றுதான்" என்றார். மூன்றாவது ப்ளக் எப்படி இருந்தது என்று கேட்டேன். மற்றவற்றைப்போலத்தான், ஆனால் காய்ந்து வெளுத்திருந்தது, பெட்ரோல் வாசனையே இல்லை என்றார். பெட்ரோல் வரவில்லை, இன்ஜெக்டரோ அதன் ஒயரோதான், இனி நீங்கள் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெருலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் நேரம் வாங்கியிருக்கிறார், டயக்னோசிஸ் மட்டும். தாளைக் கையில் வாங்கியதும் எனக்குப் படம் எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்த பிறகுதான் அலமாரியிலிருந்து எதையும் எடுப்பேன்.